மிளகாய்ப் புகையும் ஆத்தாவோட மூச்சும்: நீல பம்பா, ஸ்டீராய்டா, நரம்பைத் தடுக்கிற மருந்தா?

வருஷத்துக்கு ரெண்டு தடவை எங்க வீட்டுல மிளகாய் வறுக்கிற நாள்னு ஒண்ணு வரும். கோட்டையூர்ல பழைய வீடு, பின்கட்டுல விறகடுப்பு மூட்டி பெரிய இரும்புச் சட்டியை ஏத்தி, ராமநாதபுரம் குண்டு வத்தல், மல்லி, சோம்பு, சீரகம், மிளகுன்னு ஒண்ணொண்ணா வறுத்து, சூடு ஆறினதும் மில்லுக்குக் கொண்டுபோய் ஆறு மாசத்துக்கான குழம்புத் தூளை அரைச்சு வச்சுக்குவோம், சென்னையில இருக்கிற தம்பி வீட்டுக்கும் அதுலதான் போகும். வத்தல் சட்டியில விழுந்துச்சுன்னா புகை ரெண்டாங்கட்டு தாண்டி, வளவு தாண்டி, முகப்புத் திண்ணை வரைக்கும் வந்துடும். வீட்டுல இருக்கிற அத்தனை பேரும் இருமுவோம், கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி. வெளியில வந்து நின்னா பத்து நிமிஷத்துல எங்களுக்கெல்லாம் சரியாயிடும். ஆத்தாவுக்கு மட்டும் ஆகாது. அன்னிக்கு ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்துடுவாங்க, நெஞ்சுல விசில் சத்தம் கேக்கும், அப்புறம் ரெண்டு மூணு நாளைக்கு குளிர்ந்த காத்து பட்டாலும் இருமல், ஊதுபத்தி வாசம் பட்டாலும் இருமல், வாய்விட்டுச் சிரிச்சாக்கூட இருமல்.

ஒரே புகை, ஒரே வீடு. எங்களுக்குப் பத்து நிமிஷம், அவங்களுக்கு ஏன் மூணு நாள்? ஆத்தாவுக்கு இருக்கிறது ஆஸ்துமா, நம்ம பக்கம் இழுப்புன்னு சொல்றது. இந்தக் கேள்விக்கு பதில் தெரியாமலே ஆறேழு வருஷம் அதுக்கு மருந்து வாங்கியிருக்கோம். போன வருஷம்தான் முதல்தடவையா உட்கார்ந்து, எந்த மருந்து எதை என்ன பண்ணுதுன்னு கேட்டு, படிச்சு, ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். நம்ம பக்கம் எத்தனையோ வீட்டுல இதே கதை நடக்குதுன்னு தெரியும், அதனாலதான் கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, ஆத்தாவைக் கூட்டிட்டு அலைஞ்ச மக, அவ்வளவுதான். உங்க வீட்டு மருந்தை மாத்துறதுக்கு முன்னாடி உங்க டாக்டரைக் கேட்டுக்கங்க.

முதல்ல நரம்பு. ஆஸ்துமான்னா நுரையீரல்ல சளி, வீக்கம், அலர்ஜின்னுதான் நாங்க நினைச்சுட்டு இருந்தோம், நரம்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் சொன்னதில்ல. மதுரையில ஒரு நுரையீரல் டாக்டர்தான் பிரிஸ்கிரிப்ஷன் பேப்பரைத் திருப்பிப் போட்டு படம் வரைஞ்சு காட்டுனாங்க. மூளையோட அடித்தண்டுல இருந்து வேகஸ்னு ஒரு நீளமான நரம்பு கிளம்பி கழுத்து வழியா இறங்கி இதயம், நுரையீரல், வயிறுன்னு எல்லாத்துக்கும் கிளை விடுது. நுரையீரலுக்குப் போற கிளையில ரெண்டு விதமான இழை இருக்கு. ஒண்ணு சேதி கொண்டுபோறது, புகை வந்துடுச்சு தூசி வந்துடுச்சுன்னு மேல சொல்றது. இன்னொண்ணு உத்தரவு கொண்டுவர்றது, மூச்சுக்குழாயைச் சுருக்கு, சளியைச் சுரன்னு கீழ சொல்றது. உடம்பு நம்மைக் காப்பாத்தத்தான் இதைச் செய்யுது, கெட்ட காத்து உள்ள போகாம வாசக்கதவை ஒருக்களிச்சு வைக்கிற மாதிரி.

சேதி கொண்டுபோற இழையோட நுனியில மிளகாய்க்குன்னே ஒரு வாங்கி இருக்கு, இங்கிலீஷ்ல ரிசப்டர்னு சொல்வாங்க, தனக்கான ரசாயனம் வந்து ஒட்டினா முழிச்சுக்கிற புரதம். பேரு டிஆர்பிவி-1. மிளகாயோட காரச் சத்தான கேப்சைசின் அதுல போய் ஒட்டினா, கொதிக்கிற சூடு பட்ட மாதிரி நரம்பு அலறும். இதைக் கண்டுபிடிச்சது டேவிட் ஜூலியஸோட குழு, 1997-ல, அதுக்கும் சேர்த்துத்தான் 2021-ல அவருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. சாதாரணமா அந்த வாங்கி 43 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு மேலதான் முழிச்சுக்கும், ஆனா அந்த இடத்துல ஏற்கனவே வீக்கம் இருந்துச்சுன்னா அந்த அளவு கீழ இறங்கிடும், சும்மா இருக்கிற உடம்புச் சூடே அதுக்குப் போதும்ங்கிற நிலைமைக்கு வந்துடும். கடுகு, விறகுப் புகைக்கு டிஆர்பிஏ-1னு பக்கத்துலயே இன்னொரு வாங்கி இருக்கு. எங்க பின்கட்டுல மிளகாய் வறுக்கிற அன்னிக்கு ரெண்டும் சேர்ந்து அடி வாங்குது.

இதோட முடிஞ்சா பரவாயில்ல. அந்த நரம்பு நுனி மேல சேதி அனுப்புறதோட நிக்காம, தான் இருக்கிற இடத்துலயே சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பின்னு சில ரசாயனத்தைக் கொட்டுது. கொட்டினதும் அங்க இருக்கிற குட்டிக் குட்டி ரத்தக்குழாய் விரியும், நீர் கசியும், சளி ஊறும். அதாவது கிருமியோ அலர்ஜியோ இல்லாமலே நரம்பு மட்டுமே ஒரு வீக்கத்தை உண்டாக்கிட முடியும். சப்ஸ்டன்ஸ் பி-யை 1931-லயே ஆய்லரும் கேடமும் கண்டுபிடிச்சுட்டாங்க. ஹங்கேரியில யான்சோங்கிறவர் அவங்க ஊர் பாப்ரிகா மிளகாயோட சத்தை வச்சே, இந்த நரம்பை மரத்துப்போக வச்சா எரிச்சலூட்டுற பொருள் பட்டாலும் வீக்கம் வரலைன்னு விலங்குகள்ல காட்டினாரு. மிளகாய் தின்கிற நாட்டுக்காரரே இதைக் கண்டுபிடிச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், எலியிலயும் கினிப் பன்றியிலயும் இது அவ்வளவு தெளிவா தெரிஞ்ச மாதிரி மனுஷங்ககிட்ட தெரியல, சப்ஸ்டன்ஸ் பி-யைத் தடுக்கிற மருந்து வாந்திக்கு கடைக்கு வந்துச்சு, ஆஸ்துமாவுக்குன்னு எதுவும் வரல. அதனால நம்ம வீட்டு முடிவுக்கு இது ஒரு ஓரமாத்தான் உதவுது.

முடிவையே மாத்துனது அடுத்து டாக்டர் சொன்னதுதான், அந்த பிரேக் கதை.

உத்தரவு கொண்டுவர்ற இழை, மூச்சுக்குழாய்ச் சதையைச் சுருக்க அசிட்டைல்கோலின்னு ஒண்ணை விடுது. சதையில எம்-3ன்னு ஒரு வாங்கி அதைப் பிடிச்சு சுருங்கும். அதே அசிட்டைல்கோலின் நரம்போட நுனியிலயே இருக்கிற எம்-2ங்கிற வாங்கியிலயும் போய் ஒட்டும், ஒட்டினா "போதும், நிறுத்து"ன்னு நரம்புக்கே சொல்லும். தானா பிடிக்கிற பிரேக். எனக்கும் உங்களுக்கும் மிளகாய்ப் புகை பட்டு மூச்சுக்குழாய் சுருங்கினாலும் இந்த பிரேக் பிடிச்சு நிறுத்திடுது. ஆஸ்துமா உள்ளவங்க மூச்சுக்குழாய்ல ஈயோசினோபில்னு ஒரு வெள்ளணு கூட்டமா வந்து உட்காருது, அதுவும் நரம்பைச் சுத்தி கூடுது, ஆஸ்துமாவுல இறந்தவங்களோட நுரையீரலை எடுத்துப் பார்த்தப்பவே இது தெரிஞ்சிருக்கு. அந்த அணு விடுற ஒரு புரதம் நேரா போய் எம்-2 மேல ஒட்டி அதை அடைச்சிடுது. பிரேக் போச்சு. அதுக்கப்புறம் ஒரு சின்னப் புகை, ஒரு ஊதுபத்தி, எது தொட்டாலும் நரம்பு அசிட்டைல்கோலினைக் கொட்டிக்கிட்டே இருக்கும். ஃப்ளூ மாதிரி வைரஸ் காய்ச்சல் வந்தாலும் இதே பிரேக் பழுதாகுதுன்னு காட்டியிருக்காங்க, சளிக்காய்ச்சலுக்கு அப்புறம் வாரக்கணக்கா இழுப்பு நிக்காம இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆத்தாவுக்கு ஏன் மூணு நாள்னு அந்த நிமிஷம்தான் புரிஞ்சுச்சு. எங்களுக்கு இருக்கிற பிரேக் அவங்களுக்கு இல்ல, அதைக் கெடுத்தது வீக்கம். ராத்திரி மூணு மணி கணக்கும் இதுலயே வருது, தூங்கும்போது வேகஸ் நரம்போட ஆட்சி கூடும், பகல்ல மூச்சுக்குழாயைத் திறந்து வச்சிருக்கிற அட்ரினலின் அந்நேரம் குறைஞ்சிருக்கும்.

இப்ப மருந்துக்கு வர்றேன். எங்க முன்னாடி இருந்தது மூணு பெரிய வழி, கூடவே சொந்தக்காரங்க சொன்ன நாலஞ்சு சின்ன வழி.

நீல பம்பைத்தான், அதாவது வாயில வச்சு அடிக்கிற நீல இன்ஹேலரைத்தான், ஆத்தா ஆறேழு வருஷமா அடிச்சுட்டு இருந்தாங்க. உள்ள இருக்கிறது சால்பியூட்டமால். இது நரம்பைத் தொடுறதே இல்ல, சதையில இருக்கிற பீட்டா-2 வாங்கியில ஒட்டி சதையைத் தளர்த்தும். நாலஞ்சு நிமிஷத்துல மூச்சு லேசாகும், நாலுல இருந்து ஆறு மணி நேரம் தாங்கும், விலையும் கம்மி. அவஸ்தையில இருக்கிறவங்களுக்கு அந்த நாலு நிமிஷம் எவ்வளவு பெருசுன்னு கூட இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், அதனால இதைக் குறைவா பேச எனக்கு மனசு வராது. ஆனா அது பழுதான பிரேக்கைச் சரி பண்ணல, பிரேக்கைக் கெடுத்த வீக்கத்தையும் தொடல. சதை தளர்ந்துடுச்சுன்னு நாம நிம்மதியா இருக்க, அடியில ஈயோசினோபில் பாட்டுக்கு நரம்பைச் சுத்தி கூடிக்கிட்டே இருக்கு. 2018-ல வந்த ஒரு ஆராய்ச்சியில இந்த அணு கூடுதலா இருக்கிற ஆஸ்துமாக்காரங்க மூச்சுக்குழாய்ல நரம்பே நீளமா வளர்ந்து கூடுதலா கிளை விட்டிருக்குன்னு காட்டுனாங்க. அதைப் படிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா நாங்க விட்டது ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல.

இன்னொரு கணக்கும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு நீல பம்புல 200 தடவை அடிக்கிற மருந்து இருக்கும். வருஷத்துக்கு மூணு பம்போ அதுக்கு மேலயோ காலியாச்சுன்னா பெரிய அட்டாக் வர்ற ஆபத்து கூடுது, பன்னெண்டு அல்லது அதுக்கு மேல போனா உயிருக்கே ஆபத்து கூடுதுன்னு ஜினாங்கிற உலக ஆஸ்துமா அமைப்போட வழிகாட்டுதல்ல இருக்கு. ஆத்தாவுக்கு மாசம் ஒண்ணு போயிட்டிருந்துச்சு. எங்களுக்கு எழுதிக்குடுத்த டாக்டரும் கேக்கல, கடையிலயும் கேக்கல, நாங்களும் எண்ணிப் பார்க்கல. 2019-ல இருந்தே ஜினா, பெரியவங்களுக்கு நீல பம்பை மட்டும் தனியா வச்சு வைத்தியம் பண்ணாதீங்கன்னு சொல்லியிருக்கு. எங்களுக்கு அந்தச் சேதி வந்து சேர இத்தனை வருஷம் ஆயிருக்கு. இதை எழுதும்போதும் ஆத்திரமா வருது.

ரெண்டாவது வழி, உறிஞ்சுற ஸ்டீராய்டு. பியூடசனைடு மாதிரி மருந்து, பெரும்பாலும் ஃபார்மோடெரால்னு மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தோட கலந்தே வரும். ஸ்டீராய்டுன்ன உடனே ஆத்தா முகம் மாறிடுச்சு. "வேணாந்தா, அது உடம்பை ஊத வச்சிரும், சர்க்கரை வரும், ஒருதடவ ஆரம்பிச்சா விடாதுன்னு அயித்தை சொன்னாகளே"ன்னாங்க. இந்தப் பயம் நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் இருக்கு. டாக்டர் பொறுமையா ஒரு கணக்குச் சொன்னாங்க. "அம்மா, போன தீபாவளிக்கு இழுப்பு வந்து அஞ்சு நாள் மாத்திரை போட்டீங்கள்ல, அதுவும் ஸ்டீராய்டுதான், ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். இந்தப் பம்புல ஒரு இழுப்புக்கு வர்றது 200 மைக்ரோகிராம், எடைக்கு எடை பார்த்தா இருநூறுல ஒரு பங்கு, அதுவும் நேரா மூச்சுக்குழாய்க்குப் போகுது." ரெண்டும் வேற வேற மருந்து, எடையை மட்டும் வச்சு வீரியத்தைச் சொல்லிட முடியாதுன்னும் கூடவே சொன்னாங்க. ஆத்தாவுக்கு அது ஒறைச்சுது. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை மாத்திரையா உள்ள போறதைவிட இது எவ்வளவோ தேவலன்னு அவங்களே சொன்னாங்க.

இது பிரேக்குக்கு என்ன பண்ணும்னா, ஈயோசினோபில் கூட்டத்தையே கலைக்கும். கூட்டம் கலைஞ்சா எம்-2 மேல ஒட்டுறதுக்கு அந்தப் புரதம் குறையும், பிரேக் கொஞ்சம் கொஞ்சமா திரும்பப் பிடிக்க ஆரம்பிக்கும். அதாவது நரம்பைத் தொடாமலே நரம்பைச் சரி பண்ற வழி. நேரம் எடுக்கும், நாள்கணக்கு, சிலருக்கு வாரக்கணக்கு. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் நாலு நாள்ல விட்டுடுறதே இதனாலதான், அடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது. ஆனா ஃபார்மோடெரால் கலந்திருக்கிறதுல உடனடி நிவாரணமும் கிடைக்கும், ரெண்டு மூணு நிமிஷத்துல வேலை ஆரம்பிச்சு 12 மணி நேரம் தாங்கும். லேசான ஆஸ்துமா உள்ள 3,800 பேருக்கு மேல வச்சு நடந்த ஆய்வு 2018-ல வந்துச்சு, மூச்சு முட்டும்போது வெறும் விரிக்கிற மருந்து அடிச்சவங்களைவிட இந்தக் கலவையை அடிச்சவங்களுக்குக் கடுமையான அட்டாக் அறுபது சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு. வாய்ல வெள்ளைப் பூஞ்சை வராம இருக்க ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளிக்கணும், தொண்டை கட்டலாம், இவ்வளவுதான் தினப்படி தொந்தரவு. ஒரு எச்சரிக்கை, ஃபார்மோடெரால் வகை நீடிச்ச மருந்தை ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இல்லாம தனியா எடுக்கவே கூடாது, அது ஆபத்து.

மூணாவதுதான் நேரா நரம்பு உத்தரவைத் தடுக்கிற மருந்து. இப்ராட்ரோப்பியம், டயோட்ரோப்பியம். நரம்பு கொட்டுற அசிட்டைல்கோலின் சதையில இருக்கிற எம்-3ல ஒட்டாம இவை போய் இடத்தைப் பிடிச்சுக்கும். தம்பி இணையத்துல படிச்சுட்டு, "நரம்புதானே பிரச்சினை, நேரா அதையே அடக்கிட்டா என்ன"ன்னு போன்ல கேட்டுக்கிட்டே இருந்தான், கேள்வி நியாயமானதுதான்.

இந்த வைத்தியம் புதுசும் இல்ல. எங்க அப்பத்தா காலத்துல இழுப்புக்கு ஊமத்தை இலையைக் காய வச்சு புகை பிடிக்கிற பழக்கம் இருந்துச்சு, ஊமத்தையில இருக்கிற அட்ரோபின் இதே அசிட்டைல்கோலினைத் தடுக்கிற சரக்குதான். 1800-களோட ஆரம்பத்துல நம்ம மெட்ராஸ்ல இருந்துதான் அந்தப் பழக்கம் பிரிட்டனுக்குப் போயி, அங்க ஆஸ்துமா சிகரெட்டுன்னே வித்தாங்க. இன்னிக்கு இருக்கிற டயோட்ரோப்பியம் அந்தப் பரம்பரையில வந்தது. அதுக்காக யாரும் ஊமத்தையைத் தேடிப் போயிடாதீங்க, எந்த இலையில எவ்வளவு விஷம் இருக்குன்னு அளவே கிடையாது, புத்தி தடுமாறும், உயிரே போகும், புகையும் தன் பங்குக்கு நரம்பைக் கிளறும். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தங்க இன்னமும் நல்லதுன்னு சொல்லிட்டு இருக்காங்க, அவங்ககிட்டயும் இதைத்தான் சொன்னேன்.

மருந்தா வர்றதுல ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. இப்ராட்ரோப்பியம் எம்-2, எம்-3 ரெண்டையும் பாகுபாடு இல்லாம அடைக்கும், அதாவது பிரேக்கையும் சேர்த்தே அடைக்கும், நாலு மணி நேரத்துல இருந்து ஆறு மணி நேரம் தாங்கும். டயோட்ரோப்பியம் எம்-2ஐ விட்டுச் சீக்கிரம் கழண்டுக்கும், எம்-3ல மட்டும் கெட்டியா உட்கார்ந்துக்கும், அதனால ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். ஆஸ்பத்திரியில மூச்சு முட்டிப் போய் நிக்கும்போது நெபுலைசர்ல சால்பியூட்டமாலோட கலந்து வைக்கிறது இப்ராட்ரோப்பியம்தான், கடுமையான அட்டாக்ல ரெண்டும் சேர்த்துக் குடுத்தா அட்மிஷன் ஆகிறவங்க எண்ணிக்கை குறையுது. அந்த நேரத்துக்கு அது அருமையான மருந்து, தினசரிக்கு இல்ல.

தினசரிக்கு டயோட்ரோப்பியம் எப்படின்னா, ஸ்டீராய்டு கலவையை நல்ல டோஸ்ல எடுத்தும் அடங்காத 900-க்கு மேற்பட்டவங்களுக்கு இதையும் கூடச் சேர்த்துக் குடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல வந்துச்சு, கடுமையான அட்டாக் ஆபத்து 21 சதவீதம் குறைஞ்சுது. "கூடச் சேர்த்து"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. ஸ்டீராய்டுக்குப் பதிலா இல்ல. தம்பி கேட்ட கேள்விக்கு பதில் இதுலதான் இருக்கு. நரம்போட உத்தரவை நடுவழியில மறிக்கிறதால வீக்கம் அடங்கிடாது, ஈயோசினோபில் அங்கேயேதான் இருக்கும், நரம்பு வளர்றதும் நிக்காது. புகைபிடிச்சுக் கெட்ட நுரையீரல்னா, சிஓபிடின்னு சொல்றாங்களே, அங்க கதை வேற, அதுல டயோட்ரோப்பியம் முன்வரிசை மருந்து. உங்க வீட்டுப் பெரியவருக்கு இருக்கிறது எதுன்னு ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுத்துத் தெரிஞ்சுக்காம இந்த ஒப்பீடே அர்த்தமில்லாம போயிடும். பக்க விளைவும் வேற, வாய் வறண்டு போகும், புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆம்பளைங்களுக்கு ஒண்ணுக்குப் போறது தடைபடலாம், கண் அழுத்த நோய்ல, கண்ணுக்குள்ள நீர் வடியுற கோணம் குறுகின வகை இருந்தா கவனம் வேணும்.

கண்ணுன்னு டாக்டர் சொன்னதும்தான் ஆத்தா, "எனக்குக் கண்ணு அழுத்தத்துக்கு சொட்டு மருந்து இருக்கே"ன்னாங்க. அதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்டயும் சொன்னதில்ல, மாத்திரை என்னென்னன்னு கேட்டா மாத்திரையை மட்டும்தானே சொல்லுவோம், சொட்டு மருந்தை யாரு மருந்துன்னு நினைக்கிறா. பையில இருந்து எடுத்துக் காட்டினோம். டிமோலால். டாக்டர் பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. அது பீட்டா வாங்கியை அடைக்கிற மருந்து, கண்ணுல விட்டது மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலந்து நுரையீரலுக்கும் போயிடும். மனுஷ மூச்சுக்குழாய்ச் சதைக்கு, விரிக்கச் சொல்ற அட்ரினலின் நரம்பு நேரடியா அவ்வளவா கிடையாது, ரத்தத்துல மிதந்து வர்ற அட்ரினலினை நம்பித்தான் அது இருக்கு. அதையும் இந்தச் சொட்டு அடைச்சிடுது, எதிர்க்க ஆளே இல்லாம சுருக்குற நரம்பு மட்டும் தனி ராஜ்ஜியம் பண்ணும். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு இந்தச் சொட்டு கூடவே கூடாதாம். ஆத்தா நாலு வருஷமா ரெண்டு வேளையும் விட்டுட்டு இருந்தாங்க, இழுப்பு ரொம்ப மோசமானதும் அந்த நாலு வருஷத்துலதான். உடனே கண் டாக்டர்கிட்ட போய் வேற சொட்டுக்கு மாத்தினோம், அப்படியே கோணத்தையும் பார்க்கச் சொன்னோம், திறந்த கோணம்தான், பின்னால டயோட்ரோப்பியம் தேவைப்பட்டா அதுக்குத் தடை இல்லன்னு எழுதி வாங்கிக்கிட்டோம். உங்க வீட்டுல யாருக்காவது இழுப்பு இருந்து கண்ணுக்கும் சொட்டு விடுறாங்கன்னா, இதைப் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி போய் அந்த பாட்டில்ல இருக்கிற பேரைப் பாருங்க. தானா நிறுத்திடாதீங்க, பார்வை போயிடும், கண் டாக்டர்கிட்ட கேட்டு மாத்துங்க.

மத்த வழிகளைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். தியோபிலின் மாத்திரை நம்ம பக்கம் இன்னமும் நிறைய ஓடுது, வேலை செய்ற அளவுக்கும் கெடுதல் பண்ற அளவுக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி, படபடப்பும் வாந்தியும் வரும், நாங்க வேணாம்னுட்டோம். தைலம் தேய்க்கிறது, மெந்தால் கலந்து ஆவி பிடிக்கிறதுன்னா, மெந்தால் குளிர்ச்சியை உணர்ற நரம்பைத் தட்டி மூச்சு நல்லாப் போற மாதிரி காட்டுமே தவிர அடைப்பு அப்படியேதான் இருக்கும், ஆத்தாவுக்கு அந்த நெடியே இருமலைக் கிளப்புது. நரம்பையே வெட்டிடறதுன்னும் ஒரு காலத்துல பார்த்திருக்காங்க, 1920-கள்ல ஜெர்மனியில ஆஸ்துமாவுக்கு ஆபரேஷன் பண்ணாங்க, நிலைச்ச பலன் இல்ல. மூச்சுப்பயிற்சி நல்லது, படபடப்பு குறையும், அன்றாட வாழ்க்கை லேசாகும்னு ஆய்வுகள்லயும் இருக்கு, ஆத்தா காலையில முகப்புல உட்கார்ந்து பதினஞ்சு நிமிஷம் மெதுவா மூச்சு விடுறாங்க. ஆனா வீக்கத்தை அது தொடாது, மருந்தோட சேர்த்துத்தான். ராத்திரி சாப்பாட்டை ஏழரை மணிக்கே முடிக்க வச்சதும் நல்ல பலன் குடுத்துச்சு, உணவுக்குழாய்ல புளிச்ச தண்ணி ஏறினா அதே வேகஸ் வழியா மூச்சுக்குழாய் சுருங்கும்.

காது சமாச்சாரம் ஒண்ணு. ஆத்தாவுக்குக் காதுல கோழி இறகு விட்டா இருமல் வரும், சின்ன வயசுல இருந்து நாங்க பார்த்திருக்கோம். வேகஸ் நரம்போட ஒரு கிளை காதுக்கும் வருதாம், நூத்துல ரெண்டு மூணு பேருக்கு இப்படி இருக்கும், நாள்பட்ட இருமல்காரங்ககிட்ட அதிகம். டாக்டர் இதைக் கேட்டுட்டு, இவங்க நரம்பே கொஞ்சம் உஷார்ப் பேர்வழி, அதனால ஸ்டீராய்டுக்கு அப்புறமும் கொஞ்சம் இருமல் மிஞ்சலாம், அப்ப மூணாவது மருந்தை யோசிப்போம்னாங்க.

அப்ப நாங்க எடுத்த முடிவு. வீக்கம் முதல்ல, நரம்பு அப்புறம். ஸ்டீராய்டு, ஃபார்மோடெரால் கலவையைக் காலையும் ராத்திரியும், நடுவுல மூச்சு முட்டினாலும் டாக்டர் சொன்ன அளவுக்குள்ள அதே பம்பு. நீல பம்பு வேணாம்னு டாக்டர் எடுத்துட்டாங்க, இது எல்லாருக்கும் பொருந்தாது, சில கலவையில ஃபார்மோடெரால் இருக்காது, அதை இப்படி நடுவுல அடிக்கக் கூடாது. டயோட்ரோப்பியத்தை இப்ப சேர்க்கல. ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிச்சிருந்தா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது, மாசச் செலவும் ஏறும், முதல்ல கண் சொட்டை மாத்தினதோட பலனைத் தனியா பார்க்கணும்னு எனக்குத் தோணுச்சு, டாக்டரும் சரின்னாங்க. மிளகாய் வறுக்கிறதை வீட்டுல நிறுத்திட்டோம், காரைக்குடியில வறுத்து அரைச்சுக் குடுக்கிற இடத்துல குடுக்குறோம், ருசி கொஞ்சம் மாறித்தான் போச்சு, ஆத்தாவுக்கு அதுல இன்னமும் வருத்தம். பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைப் படைப்புக்காக, அதான் முன்னோருக்குப் படையல் வைக்கிறதுக்காக, திறக்கிறப்பவும் ரெண்டு நாள் முன்னாடியே நாங்க போய் தூசி தட்டி, ஈரத்துணி வச்சுத் துடைச்ச அப்புறம்தான் அவங்களைக் கூட்டிட்டுப் போனோம்.

மூச்சை எவ்வளவு வேகமா ஊத முடியுதுன்னு அளக்கிற பீக் ஃப்ளோ மீட்டர் ஒண்ணு வீட்டுல வாங்கி வச்சு தினம் காலையில ஊதச் சொல்லி நோட்டுல எழுதுறேன். ஆரம்பிச்சப்ப நிமிஷத்துக்கு 190 லிட்டர், சொட்டு மாத்தின மூணு வாரத்துல 230, மூணு மாசத்துல 290. ராத்திரி மூணு மணிக்கு எழுந்திருக்கிறது வாரத்துக்கு நாலு நாள் இருந்தது மாசத்துக்கு ஒரு நாள் ஆயிருக்கு. இருமல் முழுசா போகல, மார்கழிப் பனியில கோலம் போட வெளிய வந்தா இன்னமும் வருது. ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியாம மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, மருந்து அடிச்சும் கேக்கலைன்னாலோ வீட்டுல வச்சுப் பார்த்துட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரின்னு நோட்டோட முதல் பக்கத்துலயே பெரிய எழுத்துல எழுதி வச்சிருக்கேன், ஆத்தாவுக்கும் மனப்பாடம்.

கல்யாணமாகி வந்ததுல இருந்து ஆத்தா தைப்பூசத்துக்கு பழநிக்கு நடந்து போனவங்க, நாலு வருஷமா போகல. இந்தத் தடவை போகலாமான்னு டாக்டர்கிட்டயே நேரா கேட்டுட்டாங்க. விடிகாலைக் குளிர், ரோட்டுத் தூசி, லாரிப் புகை, எல்லாமே அந்த நரம்பைத் தட்டுற சாமான்தான், அதனால முழுசா வேணாம்மா, குன்றக்குடி வரைக்கும் முதல் நாள் மட்டும் நடங்க, வெயில் ஏறினப்புறம் கிளம்புங்க, துணியால மூக்கை மூடிக்கங்க, பம்பு இடுப்புல இருக்கட்டும், மீட்டரைக் கிளம்பும்போதும் போய்ச் சேர்ந்ததும் ஊதி எழுதிட்டு வாங்கன்னாங்க. அந்த ரெண்டு நம்பரையும் பார்த்துட்டுத்தான் டயோட்ரோப்பியம் சேர்க்கிறதா வேணாமான்னு சொல்றதா இருக்காங்க. நானும் கூட நடக்குறேன், நோட்டு என் பையில இருக்கு.